.32, .380, .45, 9 மி.மீ: எந்தத் தோட்டா எதற்கு? ஜான் பிரவுனிங்கின் கதை

குற்றச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு 7.65 மி.மீ. பிஸ்டல் பறிமுதல், 9 மி.மீ. தோட்டாக்கள் சிக்கின என்ற வரிகள் பழகிப்போனவை. ஹாலிவுட் படம் பார்ப்பவர்களுக்கு .45 என்ற எண்ணும் பழக்கம். கொஞ்சம் விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால், 9 மி.மீ. பெஸ்ட்டா, .45 பெஸ்ட்டா என்று அரை மணி நேரம் வகுப்பே எடுத்துவிடுவார். 100 ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருக்கும் பட்டிமன்றம் அது.

இந்த எண்களில் பாதிக்கு மேல் ஒரே ஆளின் பட்டறையில் பிறந்தவை. ஜான் மோசஸ் பிரவுனிங். .25, .32, .38, .380, .45 என்று 10 ஆண்டுகளுக்குள் வரிசையாக வந்த தானியங்கிப் பிஸ்டல் தோட்டாக்கள் எல்லாம் அவர் கைவண்ணம். ஒரே மனுஷன் எதற்காக இத்தனை அளவுகளில் செய்தார்? அதைப் புரிந்துகொண்டால் மேலே சொன்ன பட்டிமன்றத்தில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு, ரவை எல்லாவற்றையும் ஒன்றாகவே சொல்கிறோம். இந்தக் கட்டுரைக்கு மட்டும் பிரித்து வைத்துக்கொள்வோம். பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, அடியில் பொறி கொடுக்கும் சின்ன மூடி, மேலே ஈயக் குண்டு. இந்த நான்கும் சேர்ந்த மொத்த உருப்படிதான் தோட்டா. சுட்டபிறகு பறப்பது குண்டு மட்டும். கூடு வெளியே தெறித்து விழும். சம்பவ இடத்தில் போலீஸார் சாக்பீஸால் வட்டம் போட்டு வைப்பது பெரும்பாலும் அந்தக் காலிக் கூட்டைத்தான்.

.45 என்றால் குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.45 அங்குலம், அதாவது 11 மில்லிமீட்டரைத் தாண்டும். .32 என்பதை ஐரோப்பாவில் 7.65 மி.மீ. என்பார்கள். .380 என்பதும் '9 மி.மீ. ஷார்ட்' என்பதும் ஒரே தோட்டாதான். ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று இருப்பதில்லையா, அது மாதிரி.

22 பிள்ளைகள் இருந்த வீடு

பிரவுனிங் பிறந்தது 1855 ஜனவரி 23-ல், அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்தில் உள்ள ஆக்டன் என்ற ஊரில். அப்பா ஜொனாதன் துப்பாக்கி செய்யும் கொல்லர், மார்மன் மதத்தைச் சேர்ந்தவர். அவருக்கு மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள். அதில் ஒருவர்தான் ஜான்.

பையனுக்கு விளையாட்டுச் சாமான் எல்லாம் அப்பாவின் பட்டறையில் கிடந்த பழைய இரும்புதான். 10 வயதில் உடைந்த துப்பாக்கிக் குழல் ஒன்றை எடுத்து, தம்பி மாட்டை உதவிக்கு வைத்துக்கொண்டு, சுடுகிற மாதிரி ஒரு துப்பாக்கியை ஒப்பேற்றிவிட்டார் என்று சொல்வார்கள். இந்தச் சின்ன வயசுக் கதைகள் பெரும்பாலும் அவருடைய மகன் 1964-ல் இணைந்து எழுதிய வாழ்க்கை வரலாறு வழியாக நமக்குக் கிடைப்பவை. மகன் சொல்லும் அப்பா கதை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. பொறியியல் கல்லூரி கிடையாது. வரைபடம்கூட அதிகம் போடமாட்டார். மனசுக்குள்ளேயே பாகங்களை ஓட்டிப் பார்த்து, அட்டையிலோ தகட்டிலோ வெட்டிவைத்து, நேரே இரும்பில் இறங்கிவிடுவார்.

1879 அவருக்கு எல்லாமே நடந்த ஆண்டு. கல்யாணம் ஆனது, அப்பா இறந்தார், முதல் காப்புரிமை கிடைத்தது. ஒரு முறைக்கு ஒரு தோட்டா போடும் எளிய ரைஃபிள் அது. சகோதரர்கள் சேர்ந்து ஆக்டனில் ஒரு சின்னத் தொழிற்சாலை போட்டு அதைச் செய்து விற்றார்கள். அதில் ஒன்று எப்படியோ வின்செஸ்டர் கம்பெனியின் கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய துப்பாக்கி நிறுவனங்களில் ஒன்று அது. 1883-ல் கம்பெனியின் துணைத் தலைவர் டி.ஜி. பென்னட் ரயில் ஏறி ஆக்டனுக்கே வந்துவிட்டார். பிரவுனிங் 10,000 டாலர் கேட்டார், 8,000-க்குப் பேரம் முடிந்தது.

அடுத்த 19 ஆண்டுகள் அவர் கொடுத்த வடிவமைப்புகளை வின்செஸ்டர் வாங்கிக்கொண்டே இருந்தது. மொத்தம் 44. இதில் பலவற்றைக் கம்பெனி தயாரிக்கவே இல்லை. போட்டியாளர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே வாங்கிப் பூட்டி வைத்தார்கள். இன்றைய ஸ்டார்ட்அப் உலகத்தில் பெரிய கம்பெனிகள் சின்னக் கம்பெனிகளை வாங்கி மூடுவது புதுசு ஒன்றுமில்லை.

புல் அசைந்தது

1889-ல் ஒருநாள் நண்பர்களோடு குறிபார்த்துச் சுடும் பயிற்சியில் இருந்தார். ஒருவர் சுடும்போது, துப்பாக்கி வாய்க்கு முன்னால் இருந்த புல் காற்றில் சாய்ந்ததைக் கவனித்தார். குண்டு போனபிறகு பின்னாலேயே வரும் வாயுவின் வேகம் அது. ஒவ்வொரு முறை சுடும்போதும் இவ்வளவு சக்தி சும்மா வீணாகிறதே, இதை வைத்தே அடுத்த தோட்டாவை ஏற்ற முடியாதா என்று யோசனை ஓடியது. பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். அதிலிருந்து வந்ததுதான் கோல்ட் கம்பெனி 1895-ல் வெளியிட்ட இயந்திரத் துப்பாக்கி.

அந்தச் சக்தியைக் கைக்குள் அடங்கும் அளவுக்குக் கொண்டுவர முடியுமா என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் தோட்டா குறுக்கே வந்தது.

அன்றைக்குக் கைத்துப்பாக்கி என்றால் ரிவால்வர். சுற்றும் உருளையில் ஆறு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு தோட்டா. தோட்டா உள்ளே நழுவி விழுந்துவிடாமல் இருக்க, அடியில் ஆணித் தலை மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். ரிவால்வருக்கு அது கச்சிதம். ஆனால் பிஸ்டலில் தோட்டாக்களைக் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அப்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்பில் சிக்கும். சிக்கினால் துப்பாக்கி வேலை செய்யாது. அவசரத்துக்கு எடுக்கும் பொருள் அவசரத்தில் மக்கர் செய்தால் அதை வைத்து என்ன பண்ண?

ஆகவே பிரவுனிங் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. இரண்டையும் ஜோடியாகவே செய்தார். விளிம்பைக் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்குக் குறைத்தார். .32 தோட்டாவில் விளிம்பு கண்ணுக்குக் கொஞ்சம்தான் தெரியும். பிறகு வந்த .45-லும் .380-லும் அதையும் எடுத்துவிட்டார். விளிம்பு இல்லாவிட்டால் தோட்டா எதில் போய் நிற்கும்? பித்தளைக் கூட்டின் வாயே குழலுக்குள் ஒரு படியில் முட்டி நிற்கும்படி செய்தார். இன்றைக்கு விற்கும் பெரும்பாலான பிஸ்டல் தோட்டாக்கள் இப்படித்தான் நிற்கின்றன.

சைக்கிள் பார்க்க வந்தவர் பிஸ்டலோடு போனார்

பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டால் என்ற ஊரில் எஃப்.என். என்ற துப்பாக்கித் தொழிற்சாலை 1889-ல் தொடங்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் ஆர்டர் குறைந்து கம்பெனி தடுமாறியது. வேறு தொழில் பார்க்கலாம் என்று சைக்கிள் தயாரிப்பைப் பற்றி விசாரிக்க ஹார்ட் பெர்க் என்ற அதிகாரியை 1897-ல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவர் பிரவுனிங்கைச் சந்தித்தார். திரும்பும்போது கையில் ஒரு பிஸ்டல் மாதிரி இருந்தது.

அதிலிருந்து உருவாகி வந்ததுதான் 1899-1900-ல் வெளியான .32 பிஸ்டல். தட்டையாக, சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளும் அளவில் இருந்தது. ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்டது. பிரெஞ்சிலும் ரஷ்ய மொழியிலும் கைத்துப்பாக்கி என்பதற்கே 'பிரவுனிங்' என்ற சொல் புழங்க ஆரம்பித்தது.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம் முக்கியம். இந்தப் பிஸ்டலில் சுடும்போது பின்பக்கத்தைப் பூட்டிவைக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. மேலே நகரும் இரும்புப் பாகத்தின் எடையும் ஸ்பிரிங்கும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. எனவே தோட்டா அளவாக இருக்க வேண்டும். .32-ன் குண்டு சுமார் 4.6 கிராம், வேகம் விநாடிக்கு 275 மீட்டர் அளவில். பலம் குறைவுதான். பதிலுக்குச் சின்ன, மலிவான, நம்பகமான துப்பாக்கி கிடைக்கிறது. தோட்டா பலவீனம் என்று இதைத் திட்டுபவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலை மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் சின்னதாக வேண்டும் என்றவர்களுக்கு 1905 வாக்கில் .25 வந்தது. குண்டு 3 கிராம் சொச்சம்தான், உள்ளங்கைக்குள் மறையும் துப்பாக்கி. கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றவர்களுக்கு 1908-ல் .380. குண்டு 6 கிராம், ஆனால் அதே எளிய அமைப்பு. பூட்டில்லாத சின்னப் பிஸ்டலை வசதியாகச் செய்யக்கூடிய எல்லை ஏறத்தாழ அதுவரைதான்.

.45: மாட்டுத்தொழுவத்தில் நடந்த சோதனை

.45-ன் கதை வேறு. அது சட்டைப் பையில் பிறக்கவில்லை, போர்க்களத்தில் பிறந்தது.

பிலிப்பைன்ஸை அமெரிக்கா பிடித்த காலம். அங்கே தெற்குத் தீவுகளில் மோரோ மக்கள் கடுமையாக எதிர்த்து நின்றார்கள். அமெரிக்க ராணுவத்தின் .38 ரிவால்வரில் சுட்டும், வாளோடு பாய்ந்து வருபவர்கள் நிற்கவில்லை என்று புகார் வந்தது. பழைய .45 ரிவால்வர்களைத் தூசி தட்டி அனுப்பினார்கள். அந்த மக்கள் தங்கள் மண்ணைக் காக்க நின்றவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். துப்பாக்கிக் கதைகளில் அந்தப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை.

1904-ல் ராணுவம் தாம்சன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகளிடம் பொறுப்பைக் கொடுத்தது. லகார்ட் மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்கள் சிகாகோ இறைச்சிக்கூடத்தில் உயிருள்ள மாடுகளைப் பல அளவுத் தோட்டாக்களால் சுட்டும், சடலங்களைச் சுட்டும் பார்த்தார்கள். படிக்கவே சங்கடமான சோதனை. எண்ணிக்கையும் குறைவு, முறையும் சீராக இல்லை என்று இன்றுவரை விமர்சனம் உண்டு. ஆனாலும் முடிவு தெளிவாக எழுதப்பட்டது. ராணுவக் கைத்துப்பாக்கி .45-க்குக் குறையக் கூடாது.

பிரவுனிங்கிடம் அப்போது கையில் .38 பிஸ்டல் தயாராக இருந்தது. ராணுவம் .45 கேட்டதும் தோட்டாவையே புதிதாக வடிவமைத்தார். கடைசியில் நிலைத்தது சுமார் 15 கிராம் எடையுள்ள குண்டு, விநாடிக்கு 250 மீட்டர் வேகம். கனமானது, ஆனால் நிதானமானது. .32-ன் குண்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் எடை. இதற்கு வெறும் ஸ்பிரிங் தாங்காது. அதனால் சுட்ட கணத்தில் குழலும் மேல்பாகமும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்து, அழுத்தம் குறைந்தபிறகே பிரியும்படி செய்தார். இன்று உலகம் முழுவதும் ராணுவமும் போலீஸும் வைத்திருக்கும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை இந்த யோசனையின் வாரிசுகள்தான்.

1911 மார்ச்சில் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட், எதிர்ப்பக்கம் சாவேஜ் கம்பெனி. ஒரே துப்பாக்கியில் 6,000 தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தார்கள். சாவேஜ் 37 முறை தடுமாறியது. பிரவுனிங்கின் பிஸ்டல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. மார்ச் 29-ல் அது அமெரிக்க ராணுவத்தின் பிஸ்டல் ஆனது. 1985 வரை, 74 ஆண்டுகள் அது இருந்தது.

மணியாச்சியும் சரயேவோவும்

அந்த அங்கீகாரம் கிடைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியில் இருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். ஆக்டனில் ஒரு கொல்லர் மகன் சட்டைப் பைக்கு என்று யோசித்த பொருள் செங்கோட்டை இளைஞர் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1914 ஜூன் 28. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் கவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்றார். அதுவும் எஃப்.என். தயாரித்த பிரவுனிங் பிஸ்டல், .380 தோட்டா. முதல் உலகப் போருக்குத் திரி கொளுத்திய சம்பவம்.

1948 ஜனவரி 30-ல் காந்தியைச் சுட்ட துப்பாக்கி பிரவுனிங்குடையது அல்ல, இத்தாலியின் பெரெட்டா. ஆனால் அதில் இருந்த தோட்டா? இத்தாலியர்கள் 9 மி.மீ. கோர்ட்டோ என்று கூப்பிட்ட அதே .380. பிரவுனிங் இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பட்டிமன்றத்தில் .32-ஐயும் .380-ஐயும் பொம்மைத் துப்பாக்கி என்று கிண்டல் செய்பவர்கள் இந்த மூன்று தேதிகளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. பலம் குறைந்தது என்றால் ஆபத்து குறைந்தது என்று அர்த்தமில்லை.

பணமும் அவரும்

வின்செஸ்டரோடு உறவு 1902-ல் முறிந்தது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஷாட்கன் ஒன்றைச் செய்திருந்தார். இந்த முறை மொத்த விலை வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் ராயல்ட்டி வேண்டும் என்றார். பென்னட் மறுத்தார். பிரவுனிங் எழுந்து ரெமிங்டன் கம்பெனிக்குப் போனார். தலைவரைப் பார்க்க வெளியே காத்திருந்த நேரத்தில் அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்துபோனார். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம். கப்பல் ஏறி பெல்ஜியம் போனார். எஃப்.என். அந்த ஷாட்கனை வாங்கியது, முதல் ஆர்டரே 10,000.

இவ்வளவு கறாராக ராயல்ட்டி கேட்டவர், போர்க்காலத்தில் வேறு ஆளாக நடந்துகொண்டார். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது ராணுவத்திடம் உருப்படியான இயந்திரத் துப்பாக்கி போதுமான அளவு இல்லை. பிரவுனிங்கின் துப்பாக்கியைச் சோதித்தார்கள். ஒன்று 48 நிமிடங்களுக்கு மேல் நிற்காமல் சுட்டது. அரசு அவருக்குத் தர முன்வந்தது 7.5 லட்சம் டாலர். ராயல்ட்டி கணக்குப் பார்த்தால் ஒரு கோடி டாலரைத் தாண்டியிருக்கும். பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அவருடைய மகன் வால் அதே துப்பாக்கிகளோடு பிரான்ஸ் போர்முனைக்குப் போனார்.

கடைசிப் பிஸ்டல், எதிராளியின் தோட்டா

இனி 9 மி.மீ. இதைச் செய்தது பிரவுனிங் அல்ல. ஆஸ்திரியாவில் பிறந்து ஜெர்மனியில் வேலை பார்த்த கியோர்க் லூகர், 1901-02 வாக்கில் உருவாக்கியது. குண்டு 7.5-லிருந்து 8 கிராம், வேகம் விநாடிக்கு 350 மீட்டர் அளவில். .45-ஐவிட இலகு, ஆனால் வேகம் அதிகம். ஆற்றல் கணக்குப் போட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. வித்தியாசம் வேறு இடத்தில். 9 மி.மீ. ஒல்லி, அதனால் அதே கைப்பிடிக்குள் அதிக தோட்டாக்கள் கொள்ளும். பின்னுதைப்பும் குறைவு, புதிதாகப் பழகுபவருக்குக் கை நடுங்காது.

போருக்குப் பிறகு பிரெஞ்சு ராணுவம் நிறையத் தோட்டா கொள்ளும் 9 மி.மீ. பிஸ்டல் கேட்டது. பிரவுனிங்குக்கு அப்போது 65 வயதைத் தாண்டியிருந்தது. தன் .45 பிஸ்டலின் உரிமைகளைக் கோல்ட் கம்பெனிக்கு விற்றிருந்ததால், தான் கண்டுபிடித்ததையே தான் பயன்படுத்த முடியாத நிலை. தன்னையே சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வேறு வழியில் யோசித்து 1923-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எஃப்.என். ஊழியர் தியூதொனே சேவ், தோட்டாக்களை இரண்டு வரிசையாக அடுக்கும் பெட்டியை உருவாக்கிக் கொடுத்தார்.

1926 நவம்பர் 26. லியேஜில், எஃப்.என். தொழிற்சாலையில், மகன் வாலின் அலுவலகத்தில் இதயம் நின்றது. வயது 71. பெயரில் 128 காப்புரிமைகள். அந்த 9 மி.மீ. பிஸ்டலுக்கான காப்புரிமை கிடைத்தது மறு ஆண்டு பிப்ரவரியில்தான். கோல்டிடம் இருந்த பழைய உரிமைகள் காலாவதியானதும் சேவ் நல்ல அம்சங்களை எல்லாம் சேர்த்து 1935-ல் முடித்தார். பெயர் ஹை-பவர். 13 தோட்டாக்கள் கொள்ளும்.

இரண்டாம் உலகப் போரில் இரு தரப்புமே அதைப் பயன்படுத்தின. அமெரிக்க ராணுவம் 1985-ல் .45-ஐ விட்டுவிட்டு 9 மி.மீ.க்கு மாறியது. எஃப்.பி.ஐ. வேறு அளவுகளுக்குப் போய்விட்டு, கடந்த பத்தாண்டில் 9 மி.மீ.க்கே திரும்பியது. நவீன குண்டுகளில் அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம் சுருங்கிவிட்டது, குறி தப்பாமல் சுடுவதே முக்கியம் என்பது அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம்.

இந்தியாவில் இந்தப் பட்டிமன்றத்துக்குச் சட்டமே தீர்ப்பு எழுதிவைத்திருக்கிறது. 9 மி.மீ. தடை செய்யப்பட்ட அளவு, சாதாரண உரிமத்தில் கிடைக்காது. உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய பிஸ்டல் பெரும்பாலும் .32தான், 1899-ல் பிரவுனிங் செய்த அதே தோட்டா. ராணுவத்தின் கதை வேறு. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் பல ஆண்டுகளாகத் தயாரான 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ' என்பது, பிரவுனிங் தொடங்கிவைத்துவிட்டுப் போன ஹை-பவரின் இந்திய வடிவம்.